கற்பூரம் அணைத்த கை

விசைத்தறி ஓடும் ஊர் அது. ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் பாவாயி அம்மா இருந்தார். வயது முப்பத்தைந்துதான். அவரைக் குருவாக ஏற்றவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். மருந்துக்கடைக்காரர் சென்னியப்பனுக்கு ஐம்பத்தெட்டு.

யார் வந்தாலும் அம்மா ஒரு சொம்பு மோர் கொடுப்பார். கொடுக்கும் முன் கேட்பார், "என்ன சாப்பிட்டுட்டு வந்தீங்க? மருந்து மாத்திரை ஏதாச்சும் உண்டுங்களா?"

சென்னியப்பன் சிரிப்பார். "மோருக்கே இத்தனை விசாரணைங்களா? என் கடையில இப்படிக் கேட்டா ஒரு ஆள் நிக்க மாட்டான்."

அன்று அவர் சிரிக்கவில்லை.

"அம்மா, தறிக்குப் போற கலாமணி செத்துப் போனா இல்லைங்களா?"

"ஆமாங்க. கைக்குழந்தைக்காரி."

"இடுப்பு வலின்னு வந்தா. நான்தான் ஒரு செட்டு குடுத்தேனுங்க."

செட்டு என்றால் அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். நாலைந்து அட்டையிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுத் தருவது. எதற்கு என்ன பெயர் என்று வாங்குகிறவளுக்குத் தெரியாது. கேட்டால், "தெரிஞ்சு என்ன பண்ணப் போற?" என்பார்கள்.

"அதே நாள் தூக்கம் வரலைன்னு போனவளுக்கு டாக்டர் தன் கிளினிக்கிலயே தூக்க மாத்திரை குடுத்திருக்காரு. தறி மேஸ்திரி, இருமாம வேலை பாருன்னு, தான் வெச்சிருந்த இருமல் டானிக்கைக் குடுத்திருக்காரு. மத்தியானம் மூணையும் சேத்துச் சாப்பிட்டுட்டுப் படுத்தவ எந்திரிக்கலைங்க. குழந்தை பாலுக்கு அழுது அழுது ஓஞ்ச பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே தெரிஞ்சிருக்கு."

அம்மா மோர்ச் சொம்பைக் கையில் எடுத்தார்.

"நேத்து ஊர்ல எங்க மூணு பேரையும் கோயிலுக்குக் கூப்பிட்டாங்க. நான் குடுத்தது மட்டும் தனியா ஆளைக் கொல்லாதுன்னு கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணினேன். மத்த ரெண்டு பேரும் அதையேதான் சொன்னாங்க. ஊரும் சரின்னு கலைஞ்சிருச்சு."

"அவ புருஷன்?"

"மயில்சாமிங்களா? குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னான். ஒண்ணும் கேக்கலை."

"இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"நான் சொன்னது பொய்யான்னு நீங்க சொல்லணும். சோறு எறங்க மாட்டேங்குது."

"பொய் இல்லைங்க. மூணு பேரும் நெசத்தைத்தான் சொல்லியிருக்கீங்க."

சென்னியப்பனுக்கு மூச்சு வந்தது.

"வேற என்ன மருந்து சாப்பிடறேன்னு அவளைக் கேட்டீங்களா?"

"கடையில கூட்டமுங்க. அவளும் சொல்லலை."

"பேரே சொல்லாம குடுக்கறீங்க. அவ என்னன்னுங்க சொல்லுவா?"

"விதிங்க அம்மா."

"விதிக்கு உறை மடிச்சுக் குடுத்தது யாருங்க?"

அப்போது ஓடைப் பக்கமிருந்து ஒருவன் வேகமாக வந்தான். மயில்சாமி. தோளில் குழந்தை. அதன் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

"கடை பூட்டியிருந்துச்சுங்கண்ணா. இங்க இருப்பீங்கன்னாங்க. பாப்பாவுக்குக் காலையில இருந்து காய்ச்சல். கிளினிக்குல என்னமோ ஊத்தினாங்க. பக்கத்து வீட்டுல ஒரு டானிக் குடுத்தாங்க. கொதி அடங்கலை. நீங்க ஒரு செட்டு குடுங்க."

சென்னியப்பன் எங்கே போனாலும் தோள்பையில் மாத்திரை இருக்கும். பழக்கத்தில் கை உள்ளே போனது. அட்டை சரசரத்தது.

கை அங்கேயே நின்றது. அவர் குருவைப் பார்த்தார்.

பாவாயி அம்மா மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? குடுங்க. நீங்க குடுக்கறது மட்டும் தனியா ஆளைக் கொல்லாதுங்களே."