தொங்குபாலத்தில் முப்பது பேர்

"முப்பது பேர் முப்பது விதமாக நடக்கிறார்கள் தாயே. கால் ஒன்றாகாமல் மனம் எப்படி ஒன்றாகும்?"

கேட்டவர் தணிகாசலம். காவலர் பயிற்சிப் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் அணிவகுப்பு சொல்லிக் கொடுத்தவர். ஓய்வுபெற்று ஆசிரமத்துக்கு வந்ததும், காலை நடையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை அவராகவே எடுத்துக்கொண்டார்.

குரு அங்கயற்கண்ணி அவரைவிட இருபது வயது இளையவர்.

"இன்றைக்கு அக்கரைக்கு நடப்போம்" என்றார்.

ஆற்றுக்கு மேலே கம்பிவடத்தில் தொங்கும் பலகைப் பாலம். ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள்.

பாலம் லேசாக இடப்பக்கம் ஆடியது. விழாமலிருக்க எல்லோரும் இடக்காலை அழுத்தி ஊன்றினார்கள். அது வலப்பக்கம் வந்தது. வலக்கால்கள் ஊன்றின.

பத்தே எட்டு வைப்பதற்குள் முப்பது பேருக்கும் ஒரே நடை.

தணிகாசலம் ஆறு மாதம் கத்தியும் வராத நடை!

பாலம் இன்னும் அகலமாக ஆடியது. ஒரு பலகை கழன்று ஆற்றில் விழுந்தது. யாரோ அலறினார்கள்.

"பயப்படாதீங்க! நான் சொல்றபடி நடங்க! லெஃப்ட்! ரைட்! லெஃப்ட்!" என்று கத்தினார் தணிகாசலம்.

ஆட்டம் இரண்டு மடங்கானது.

முன்னால் போன குரு சட்டென்று பலகையில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வந்தவரும் உட்கார்ந்தார். பிறகு அடுத்தவர். கடைசியில் தணிகாசலம் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தார்.

அவரும் உட்கார்ந்தார்.

பாலம் மெல்ல அடங்கியது. எழுந்து, சிலர் வேகமாக, சிலர் தவழாத குறையாக, அக்கரை சேர்ந்தார்கள்.

"யார் சொல்லி அத்தனை காலும் சேர்ந்தது தாயே?" தணிகாசலத்தால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

குரு பாலத்தைக் காட்டினார்.

நடுவில், கம்பியைக் கட்டிப்பிடித்தபடி ஒருத்தி இன்னும் உட்கார்ந்திருந்தாள். ஆசிரமத்தில் துணி தைக்கும் செண்பகவல்லி.

தணிகாசலம் திரும்பிப் போனார். இரண்டு எட்டு வைத்ததும் பாலம் அசைந்தது. நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். உள்ளங்காலில் அந்த அசைவு தெரிந்தது. அது அடங்கும்வரை காத்திருந்து அடுத்த எட்டை வைத்தார்.

அவளிடம் போய்ச் சேர வெகுநேரம் ஆனது.

"லெஃப்ட் ரைட் சொல்லுங்கய்யா" என்றாள் செண்பகவல்லி. "சத்தம் கேட்டா தைரியமா இருக்கும்."

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"நீங்க உங்க இஷ்டத்துக்கு நடங்கம்மா. நான் பார்த்து என் காலை மாத்தி வைக்கிறேன்."