உடும்பு நின்ற ஆட்டம்

அத்திக்குளத்தங்கரைப் புற்றில் வீரி என்றோர் உடும்பு வாழ்ந்தது. பிறர் பழத்துக்கு அது ஆசைப்படாது. தன் பழத்தையும் சும்மா விடாது.

அந்தக் கோடையில் விலங்குகளுக்குக் குன்றிமணி ஆட்டத்தில் பித்துப் பிடித்திருந்தது. ஆடுகிற இருவரும் ஆளுக்கொரு பழம் வைப்பார்கள். முதுகைத் திருப்பிக்கொண்டு, குன்றிமணி போட்ட சுரைக்குடுக்கையை ஒருமுறை இலைமேல் உதறுவார்கள். மிஞ்சிப்போனால் எட்டு மணி விழும். இலையை மடித்து மூடிக்கொண்டு பந்தயத்தை ஏற்றுவார்கள். எதிராளி "விட்டேன்" என்றால் அவர் வைத்த பழம் போச்சு. "நின்றேன்" என்றால் ஏற்றியதற்கு ஈடு வைத்து, இலையைத் திறக்க வேண்டும். மணி கூடியவருக்கே எல்லாம்.

முழக்கன் என்ற நரிக்கு மூன்று மணி விழுந்தாலும் ஒரே கூச்சல்தான்.

"என் இலையில் எட்டு! பத்துப் பழம் ஏற்றுகிறேன்! துணிச்சல் இருந்தால் நில்!"

எல்லாரும் பயந்து விட்டுவிடுவார்கள். நரியின் குவியல் மலையானது.

ஒருநாள் காற்றில் நரியின் இலை விரிந்தது. உள்ளே இரண்டே மணி! முயல் துள்ளான் துள்ளிக் குதித்தது.

"ஓகோ, வெறும் மிரட்டல்தானா! நானும் மிரட்டுகிறேன், பாருங்கள்!"

ஒற்றை மணியை மூடிக்கொண்டு, "என் வளையையே வைக்கிறேன்!" என்று முயல் கத்தியது.

கத்தியே பழகிய நரி கத்தலுக்கு அஞ்சுமா? "நின்றேன்!" என்றது. அதனிடம் மூன்று மணி. வளை பறிபோய், துள்ளானும் குட்டிகளும் வெயிலில் நின்றார்கள்.

"வீரியக்கா, பொய்க்காரன் என்று தெரிந்தும் தோற்றேனே!"

"பொய்யைப் பொய்யால் அடிக்கப் போனாய். நிற்பதற்குக் கையில் ஏதாவது வேண்டாமா?" என்றது வீரி.

மறுநாள் வீரியே நரியின் எதிரில் அமர்ந்தது. இரண்டு மணி விழுந்தது, விட்டது. ஒன்று விழுந்தது, விட்டது. ஒன்பது ஆட்டம், ஒன்பது பழம் போயிற்று.

"உடும்புப் பிடி என்பார்களே! இதுதானா அது?" என்று நரி நகைத்தது.

வீரிக்கு உள்ளே கொதித்தது. ஆனாலும் அடுத்த பழத்தை எடுத்து வைத்தது.

பத்தாவது உதறலில் ஏழு மணி விழுந்தது. வீரி பழைய சோர்ந்த முகத்தோடே இலையை மூடியது.

"எட்டு! குவியல் முழுவதும் வைக்கிறேன்! முயல் வளையும் சேர்த்து! ஈடாக உன் புற்றை வைப்பாயா?" என்றது நரி.

கூட்டம் மூச்சைப் பிடித்தது. வீரி யோசித்தது: ஒருவேளை நிஜமாகவே எட்டு இருந்தால்? இருக்கலாம்தான். ஆனால் இத்தனை நாளும் கத்திய வாயில் உண்மை எத்தனை முறை வந்தது?

"வைக்கிறேன். நின்றேன்!"

நரியின் வால் தொங்கிவிட்டது. "இல்லை... இன்னொருமுறை உதறலாமே..."

"இலையைத் திற!"

மூன்று மணி! வீரி தன் இலையை விரித்தது. செக்கச்செவேல் என்று ஏழு!

கரை அதிர்ந்தது. துள்ளான் குட்டிகளோடு வளைக்குள் பாய்ந்தது. வீரி குவியலைப் பிரித்துக் கொடுக்க, அவரவர் பழம் அவரவரிடம் போனது. வீரி தலையை நிமிர்த்தி, வாலை வீசி, கூட்டத்தின் நடுவே நடந்து போனது. அன்றைக்கு அந்தக் காட்டில் அதைவிட உயரமான பிராணி இல்லை!

ஓயாமல் மிரட்டுகிறவனிடம் பதிலுக்கு மிரட்டாமல், கையில் வலு சேரும்வரை பொறுத்து, சேர்ந்ததும் அசையாமல் நிற்பவரே வெல்வார்.