சூரியனா, ஊசியா?

வெகு காலத்துக்கு முன்னே, வெண்மணல் நாட்டைச் செங்கதிரான் என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒருவனுக்குப் பட்டம் கொடுப்பான், மாலையில் பிடுங்கிக்கொள்வான். தான் சூரிய குலத்தில் பிறந்தவன் என்கிற பெருமையில் மட்டும் அவன் மனம் மாறியதே இல்லை.

அவனுடைய மந்திரி திருமேனியார். பேருக்கேற்ற உடம்பு. எத்தனையோ வருஷம் அரண்மனையில் இருந்தும், குளிக்கப் போகிறேன் என்று கிளம்பி யானைக் கொட்டிலில் போய் நிற்பார். "என் கால்கள் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது" என்று தானே சொல்லிச் சிரிப்பார். கதை சொல்கிற நானும் பக்கத்துத் தெருவுக்கே வழி கேட்டுப் போகிறவன். அதனால் அவரைக் கேலி செய்ய எனக்கு வாயில்லை.

அந்தச் சபையில் மாவலிராயர் என்றொரு பிரபு. மந்திரி பதவிமேல் அவருக்கு ஒரு கண். ஒருநாள் அயல்நாட்டுக் கப்பலில் வந்த திசைகாட்டிப் பெட்டியை ராஜாவின் காலடியில் வைத்தார். பெட்டியின் விளிம்பில் எட்டுத் திசையும் எழுதியிருந்தது. நடுவே ஒரு காந்த ஊசி. பெட்டியை எப்படித் திருப்பினாலும் ஊசி வடக்கே பார்த்தது.

ராஜா துள்ளிக் குதித்தான். "இந்த ஊசி என் வார்த்தை மாதிரி, தவறவே தவறாது! தவறும் என்று சொல்பவனுக்குப் பாதாளச் சிறை!" என்று பறையறைவித்தான்.

கொஞ்ச நாளில் ஒரு புயல் அடித்தது. சங்குத்தீவில் கிணறுகளெல்லாம் உப்பாகிவிட்டன. ராயர் அரிசியும் நல்ல தண்ணீரும் ஏற்றிக்கொண்டு கப்பலில் கிளம்பினார். கையில் இளவெயினி என்ற பெண் வரைந்த கடல்படம். அதன்படி தீவு துறைமுகத்துக்கு நேர் கிழக்கே. ராயர் ஊசியைப் பார்த்தபடி நேர் கிழக்கே ஓட்டினார். தீவைக் காணோம். கப்பல் பாறையில் உரசி, பாதி மூட்டை கடலோடு போயிற்று.

தீவை எட்டாமலே திரும்பியவர், "படம் பொய், மகாராஜா! வரைந்தவள் தலையை வாங்குங்கள்" என்றார்.

இளவெயினியை இழுத்து வந்தார்கள். "என் அம்மாவும் தங்கையும் அந்தத் தீவில்தான் தாகத்தோடு கிடக்கிறார்கள். அவர்கள் இருக்கிற இடத்தை நான் மாற்றி வரைவேனா?" என்று அழுதாள். "சூரியனையும் விண்மீனையும் பார்த்து வரைந்த படம் இது."

ராஜாவுக்குக் குழப்பம். "மந்திரியாரே, நாளைப் பொழுது சாய்வதற்குள் எது தப்பென்று காட்டும். இல்லையென்றால் இவளோடு நீரும் சிறைக்கு!"

ராயர் சிரித்தார். "வீட்டு வாசலுக்கே வழி தெரியாதவரா கடலுக்கு வழி சொல்லப்போகிறார்?"

"சரியாகச் சொன்னீர், ராயரே. உமக்கு வழி தெரியும், அதனால் ஒருவர் சொன்னதும் போய்விடுவீர். நான் தொலைந்தே பழகியவன். யாராவது இதுதான் வடக்கு என்றால் இன்னொருவரிடமும் கேட்டுவிடுவேன்."

"யாரிடம் கேட்பீராம்?"

"மகாராஜாவின் குலமுதல்வரிடம்" என்று மேலே கையைக் காட்டினார். உச்சியில் சூரியன் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை அரண்மனை முற்றத்தில் ஒரு கழியை நேராக நட்டு, அதைச் சுற்றி வட்டம் போடச் சொன்னார் மந்திரி. "நான் போட்டால் வட்டம் பூசணிக்காயாகிவிடும். ராயரே போடட்டும்."

ராயர் போட்டார். காலையில் கழியின் நிழல் குறுகிக் குறுகி வந்து வட்டத்தைத் தொட்ட இடத்தில் ராயரே புள்ளி வைத்தார். பிற்பகலில் நிழல் நீண்டு மறுபக்கம் வட்டத்தைத் தொட்ட இடத்திலும் வைத்தார். இரண்டு புள்ளியையும் சேர்த்தார். அது கிழக்கு மேற்கு. அதற்குக் குறுக்கே செங்குத்தாகக் கோடு இழுத்தார். அது வடக்கு தெற்கு.

"தப்பில்லையே?" என்று கேட்டார் மந்திரி.

"நான் போட்ட கோட்டில் தப்பா?" என்று மார்தட்டினார் ராயர்.

வடக்குக் கோட்டின்மேல் பெட்டியை வைத்தார்கள். ஊசி கோட்டில் நிற்கவில்லை. ஒரு கட்டைவிரல் அகலம் மேற்கே ஒதுங்கி நின்றது.

"ராயரே, இங்கே இரண்டு வடக்கு இருக்கிறது. சூரியன் காட்டியது ஒன்று, ஊசி காட்டுவது ஒன்று. எது தவறு? வாய் திறந்து சொல்லும்."

ராயர் வாயைத் திறந்தார். ஊசி தவறு என்றால் பாதாளச் சிறை. சூரியன் தவறு என்றால் ராஜாவின் குலத்தையே பழித்ததாகும். திறந்த வாயை மூடிக்கொண்டார். ராஜாவும் தாடியைச் சொறிந்தான்.

"இரண்டுமே பொய்யில்லை, மகாராஜா" என்றார் மந்திரி. "காந்தம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் ஊசி நிற்கிறது. அதைத்தான் வடக்கு என்று நினைத்தோம். துறைமுகத்தில் விரலகலம் விலகினால் நடுக்கடலில் காதவழி விலகிப்போகும். ஊசியின் வடக்கு மேற்கே ஒதுங்கினால், அதன் கிழக்கும் வடக்கே ஒதுங்கும். அதனால்தான் கப்பல் தீவுக்கு வடக்கே போய்ப் பாறையில் இடித்தது."

பெட்டியின் விளிம்பில், வடக்கு என்ற எழுத்துக்கு மேற்கே ஒரு கட்டைவிரல் தள்ளி ஒரு கீறல் போட்டார். "ஊசிமுனை இந்தக் கீறலில் நிற்கும்படி பெட்டியைத் திருப்புங்கள். அப்போது பெட்டியின் வடக்கும் படத்தின் வடக்கும் ஒன்றாகிவிடும்."

அன்றே கப்பல் கிளம்பியது. இளவெயினி சுக்கான் பிடித்தாள். ராஜா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். மந்திரி கப்பலின் ஓரத்தைக் கட்டிக்கொண்டு வாந்தியெடுத்தார். "கவலைப்படாதீர்கள், எடை குறைந்தால் கப்பல் வேகமாகப் போகும்" என்றார் நடுநடுவே.

நேர் எதிரே தென்னை முடிகள் தெரிந்ததும், "அம்மா!" என்று கத்தினாள் இளவெயினி. கரையில் இரண்டு பெண்கள் கையசைத்தார்கள். தண்ணீர்க் குடங்களைத் தோளில் சுமந்து கரையேற்றியவர் ராயர்; அது ராஜாவின் உத்தரவு. இளவெயினிக்குக் கப்பற்படைத் தலைமை கிடைத்தது.

"ஊசி தவறவே தவறாது என்று பறையறைவித்த நான்தான் உண்மையில் பாதாளச் சிறைக்குப் போகவேண்டியவன்" என்று ராஜா சிரித்தான். "என் சிம்மாசனத்திலும் ஒரு கீறல் போடும், மந்திரியாரே. என் பேச்சு எவ்வளவு கோணும் என்று சபைக்குத் தெரியட்டும்."

"தந்தச் சிம்மாசனத்தைக் கீறினால் தச்சன் அழுவான், மகாராஜா. நீங்கள் கோணும்போது நான் இருமுகிறேன், போதாதா?"

அப்படியே ஏற்பாடாயிற்று. மந்திரி இருமினால் ராஜா ஆணையைப் பாதியில் நிறுத்திவிடுவான். ஒரு மழைக்காலத்தில் மந்திரிக்கு நிஜமாகவே சளி பிடித்தது. அது தீரும்வரை ஓர் ஆணையும் பிறக்காமல் நாடு நிம்மதியாக இருந்ததாம்.