முத்திரை வாங்கிய பரிசல்

நாவல்துறை மணியக்காரர் செங்கோடருக்கு ஊரே பயப்படும். அவர் பயப்படுவது ஆற்றோர மடத்து வெள்ளியம்மைக்கு மட்டும். அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். இருந்தாலும் குரு குருதான் என்று செங்கோடர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மடத்துப் படியேறுவார்.

அன்று ஏறும்போதே அவர் முகம் சிவந்திருந்தது.

"அம்மா, புதுசா ஒரு உத்தரவு போடப்போறனுங்க. நீங்க ஆசி குடுக்கோணும்."

"பழைய உத்தரவு என்னாச்சு?"

செங்கோடருக்குச் சுருக்கென்றது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தேர்க் கூட்டத்தின் அவசரத்தில், ஒரு பரிசல் நடு ஆற்றில் தோல் கிழிந்து மூழ்கியது. ஆற்றோடு போனவர்களில் செங்கோடரின் தங்கையும் ஒருத்தி. மனிதர் கரையில் உருண்டு புரண்டு அழுதார். அழுது முடித்ததும் உத்தரவு போட்டார். இனி எல்லாப் பரிசலுக்கும் இரட்டைத் தோல் போர்த்த வேண்டும். மணியக்காரர் கச்சேரிக்குக் கொண்டுவந்து காட்டி, விளிம்பு மூங்கிலில் முத்திரை சுட்டுக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாத பரிசல் தண்ணீரில் இறங்கக் கூடாது.

நல்ல மனசோடு போட்ட உத்தரவு, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த வருஷம் ஆற்றோடு போனவர்கள் முன்னைவிட அதிகம். இரட்டைத் தோலுக்கு வக்கில்லாதவர்கள் துடுப்பை மூலையில் சாத்திவிட்டார்கள். மிஞ்சிய சில பரிசல்களுக்குக் காத்திருந்து அலுத்த சனம், வாழைமரத்தை வெட்டித் தெப்பம் கட்டி ஆற்றில் இறங்கியது. காவிரிச் சுழலுக்கு வாழைத்தண்டு எம்மாத்திரம்?

"தெப்பத்துல போறவனுக்குக் கசையடி. வாழை வெட்டிக் குடுக்கறவனுக்கும் கசையடி" என்றார் செங்கோடர். "இந்த ஆடிப்பெருக்குக்கு ஒரு உசுரும் போகக் கூடாதுங்கம்மா. போச்சுன்னா நான் மணியம் பாக்கறதுல அர்த்தமே இல்லீங்க."

"அடிச்சா?"

"ஒருத்தனும் தெப்பத்துல போகமாட்டானுங்க."

"வேற எதுல போவான்?"

"போகாம ஊட்டுல கெடக்கட்டுமுங்க!"

அம்மை எழுந்தார். "எனக்கு அக்கரையில ஒரு சோலி இருக்குது. என்னையக் கூட்டிட்டுப் போங்க. உங்க உத்தரவுப்படியே போலாம். அந்த உருமாலைய மட்டும் கழட்டி வெச்சுட்டு வாங்க."

தலைப்பாகை இல்லாத செங்கோடரைத் துறையில் நிற்க வைத்தால் அவரும் ஒரு சாதாரணக் கிழவர்தான். வரிசை நீளமாக இருந்தது. வெயில் ஏறிற்று. அவருக்குக் கால் கடுத்தது. முன்னால் நின்றவர்கள் பரிசலைத் திட்டினார்கள், ஆற்றைத் திட்டினார்கள், பிறகு மணியக்காரரை மனதாரத் திட்டினார்கள். அம்மை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். செங்கோடர் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

திடீரென்று பின்னால் கூச்சல். நாலு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கட்டிலில் ஒரு பெண். அவள் புருஷன் மாரப்பன் முன்னால் ஓடி வந்தான்.

"மஞ்சக்காட்டுல பூச்சி தொட்டுருச்சுங்க! வைத்தியரு அக்கரையில இருக்கறாருங்க! வழி உடுங்க சாமி!"

பாம்பை அந்தப் பக்கத்தில் பூச்சி என்றுதான் சொல்வார்கள். கூட்டம் விலகி வழி விட்டது. நல்லவேளையாக, முத்திரைப் பரிசல் ஒன்று அப்போதுதான் கரை தொட்டது. மாரப்பன் கட்டிலை அதில் ஏற்றப் போனான்.

"கவுத்துப் போடுங்க" என்றார் வெள்ளியம்மை.

பரிசல்காரன் சின்னானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எதுக்குங்க? பாருங்க, முத்திரை."

"அம்மா, அது நான் பக்கத்துல நின்னு சுட்ட முத்திரைங்க!" செங்கோடர் பதறினார். "உசுரு போற நேரத்துல..."

"அதனாலதான் சொல்றேன். கவுத்துத் தட்டுங்க."

அந்தத் துறையில் ஒரு பழக்கம் இருந்தது. பரிசலைக் கரையில் கவிழ்த்துத்தான் போட்டிருப்பார்கள். ஏறப்போகிறவர் விரலை மடக்கி அடித்தோலில் தட்டிப் பார்ப்பார். நல்ல தோல் திண்ணென்று பேசும். நைந்த தோல் முனகும். அக்கரைக்கு வாக்கப்பட்டுப் போகும் கல்யாணப் பெண்கூட வளையல் குலுங்கத் தட்டிப் பார்த்துத்தான் ஏறுவாள். முத்திரை வந்ததும் அந்தப் பழக்கம் போய்விட்டது. கச்சேரியே பார்த்துச் சொல்லிவிட்டதை நாம் வேறு தட்டுவானேன் என்று எல்லாரும் விளிம்பைப் பார்த்து ஏறினார்கள். பரிசல்காரனும் அந்த விளிம்பை மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துக்கொண்டான்.

நாலு பேர் பரிசலைப் புரட்டினார்கள். செங்கோடர் குனிந்து தட்டினார்.

அவருடைய விரல் தோலுக்குள் போய்விட்டது.

செங்கோடர் விரலை வெளியே இழுத்தார். ஊறிய மேல்தோல் நார் நாராகக் கூடவே வந்தது, அதற்குள் இருந்த தோலும் இற்றுப் போயிருந்தது. பக்கத்தில் முத்திரை பளபளவென்று இருந்தது.

"சுட்டப்ப ரெண்டும் புதுத் தோலுங்க" என்றான் சின்னான், தலையைக் குனிந்துகொண்டு. "அப்புறம் யாருங்க கேட்டாங்க?"

செங்கோடர் சுற்றுமுற்றும் பார்த்தார். புங்கமரத்தடியில் ஒற்றைத் தோல் பரிசல் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. தீர்த்தன் என்பவனுடையது. முத்திரை இல்லாததால் அது தண்ணீரைப் பார்த்து வருஷமாகிறது. ஆனாலும் மனசு கேட்காமல் அதற்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருந்தான் அவன். செங்கோடர் ஓடிப்போய்த் தட்டினார். இன்னொரு இடத்தில் தட்டினார். காதை வைத்துத் தட்டினார்.

திண், திண், திண்.

"தூக்குங்கடா!"

அந்தக் கூட்டம் பரிசலைத் தூக்கிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கட்டில் உள்ளே போனது. மாரப்பன், தீர்த்தன், அம்மை ஏறினார்கள். செங்கோடர் காலை வைக்கும்போது துறைத் தலையாரி குறுக்கே வந்து நின்றான்.

"ஐயா, மன்னிச்சுக்கோணும். முத்திரை இல்லாததுல காலு வெச்சா பிடிக்கச் சொல்லி உங்க உத்தரவுங்க."

"பிடிடா. அக்கரைக்கு வந்து பிடி!"

கடமை தவறாத தலையாரி அவரைப் பிடிப்பதற்காகத் தானும் ஏறினான். ஏறியவனால் சும்மா உட்கார முடியவில்லை, இன்னொரு துடுப்பை எடுத்துப் போட ஆரம்பித்தான். சுழலில் பரிசல் ஒரு வட்டம் அடித்தது. தண்ணீர் முகத்தில் அறைந்தது. செங்கோடர் கட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "போடுறா தீர்த்தா, போடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அடித்தோல் தாங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே கசியவில்லை.

அக்கரை வைத்தியர் இருட்டும்வரை பாடுபட்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் மாரப்பன் பெண்சாதி கண் திறந்து, "மஞ்சளுக்குத் தண்ணி கட்டோணுமே" என்றாள். மாரப்பன் ஓவென்று அழுதான். அவனைவிடச் சத்தமாக அழுதவர் மணியக்காரர்தான்.

மறுநாள் காலையில் தண்டோரா போட்டார்கள். பழைய உத்தரவு ரத்து. முத்திரை வேண்டாம். ஒற்றைத் தோலோ இரட்டைத் தோலோ, அது அவரவர் பாடு. துறையில் நிற்கும் பரிசல் கவிழ்ந்தே கிடக்கட்டும், தட்டிப் பார்க்க வருகிறவரை யாரும் தடுக்கக் கூடாது. அவ்வளவுதான். கசையடி உத்தரவு செங்கோடரின் வாயோடு போயிற்று.

ஆடிப்பெருக்கு வந்தது. மூலையில் கிடந்த பரிசல்கள் எல்லாம் புதுத் தோல் போர்த்திக்கொண்டு துறைக்கு வந்து சேர்ந்தன. விடிந்ததிலிருந்து கரையெல்லாம் திண் திண் என்று ஒரே சத்தம். முனகிய பரிசலைச் சனம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்னான் காலையில் பட்ட அவமானத்தில் மத்தியானத்துக்குள் தோலை மாற்றிக்கொண்டு வந்தான். வாழைத்தோட்டத்துப் பக்கம் ஒருத்தரும் போகவில்லை. போவானேன், கரையில் பரிசல் காத்துக் கிடக்கும்போது? மாரப்பன் பெண்சாதி புதுச்சேலை கட்டி, தன் கையால் தட்டிப் பார்த்து ஏறினாள். பெண்கள் குலவையிட்டார்கள். பொங்கி வந்த காவிரி அன்று ஒரு உயிரையும் எடுக்கவில்லை.

சாயங்காலம் கடைசிப் பரிசலும் கரை சேர்ந்ததும் செங்கோடர் மடத்துக்கு ஓடி வந்தார். உடம்பெல்லாம் ஈரம், வாயெல்லாம் பல்.

"ஜெயிச்சுட்டோமுங்கம்மா! ஒரு உசுரு போகலீங்க! என் தங்கச்சி இருந்திருந்தா..." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சந்தோஷமுங்க மணியக்காரரே" என்றார் அம்மை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"இதை அப்படியே எல்லாத் துறைக்கும் கொண்டுபோகோணுமுங்கம்மா. தட்டாம ஏறறவனுக்கு அபராதம்னு ஒரே ஒரு உத்தரவு போட்டுட்டா..."

வெள்ளியம்மை வாய்விட்டுச் சிரித்தார்.

"போடுங்க. எல்லாரும் தட்டுவாங்க. ஒருத்தரும் சத்தத்தைக் கேக்கமாட்டாங்க."