மூன்றாம் வகுப்பறைத் திரை

இப்போது படமும் ஒலியும் ஒரே ஒயரில் போகின்றன. பச்சை, நீலம், சிவப்பு என மூன்று ஒயர்களில் படம் போன காலத்தைப் பற்றி யாராவது கேட்டால், செண்பகராமனின் முகம் மலர்ந்துவிடும். உடனே பிலோமினா மேடத்தின் பேச்சை எடுப்பார்.

பிலோமினா அவரைவிடப் பத்து வயது இளையவர். டிவி மெக்கானிக் கடையை மூடிவிட்டு, கேமராவும் திரையும் பொருத்தும் வேலைக்கு வந்த செண்பகராமனுக்கு அவர்தான் குரு.

மூன்று ஒயர் காலத்தில் ஒரு வருடம், திருநெல்வேலிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் வேலை. நான்கு ஆபரேஷன் தியேட்டர்கள், மூன்று வகுப்பறைகள். தியேட்டரில் நடக்கும் ஆபரேஷனை மாணவர்கள் வகுப்பறைத் திரையில் அப்போதே பார்க்க வேண்டும். எந்தத் தியேட்டரின் படம் எந்த வகுப்பறைக்குப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் தட்டினால், மேட்ரிக்ஸ் ஸ்விட்சர் என்கிற பெட்டி மாற்றிக் கொடுக்கும். செண்பகராமனே ஒயர்களை மாட்டினார், கட்டளைகளையும் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் 'சரி' என்று பதில் சொன்னது.

"மூணாவது கிளாஸ்ல போய்ப் பாத்தீங்களா, அண்ணாச்சி?" என்றார் பிலோமினா.

"எல்லாம் சரின்னு வந்துட்டு, மேடம்."



பத்து மணிக்குக் குடலிறக்க ஆபரேஷன் தொடங்கியது. சற்று நேரத்தில் மூன்றாம் வகுப்பறையிலிருந்து ஒரு மாணவி மைக்கில் பதறினாள். "சார், பேஷன்ட்டுக்கு உடம்பெல்லாம் நீலமாயிட்டு."

தியேட்டரில் டாக்டரின் கை நின்றது. மயக்க மருந்து டாக்டர் குனிந்து நோயாளியின் உதட்டைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்காரு," என்றார்.

செண்பகராமன் பெட்டியின் பின்பக்கம் ஓடினார். மூன்றாம் வகுப்பறைக்குப் போகும் நீல ஒயரும் சிவப்பு ஒயரும் இடம் மாறியிருந்தன. அவசரமாக மாற்றி மாட்டினார்.

அன்று முழுவதும் பிலோமினா அதைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது செண்பகராமனுக்கு.

மறுநாள் காலை டீ குடிக்கும்போது அவரே கேட்டார். "கம்ப்யூட்டர் ஒரு இடத்துலகூடத் தப்புன்னு சொல்லல, மேடம். பிறகு இது எப்படி என் தப்பாகும்?"

"வாங்க," என்று பிலோமினா எழுந்தார்.

ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலுக்கு அழைத்துப் போனார். வாழைத்தார் மண்டியில் சுமை தூக்குகிற இசக்கிப்பாண்டி அதில் சாய்ந்து கிடந்தார். முந்தின நாள் ஆபரேஷன் அவருக்குத்தான். அவர் மனைவி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"இப்போ எப்படி இருக்கு?" என்றார் பிலோமினா.

"தையல் போட்ட இடம் சுருக்குன்னு இழுக்கு. மத்தபடி ஒண்ணுமில்ல. நீங்க டாக்டரா?"

"இல்ல. நேத்து உங்க ஆபரேஷன வகுப்புல படமாக் காட்டினோம்."

இசக்கிப்பாண்டிக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. மனைவியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"புள்ளைகள் படிக்கதுக்குன்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்குனாவ. என் படம் அவங்களுக்கு நல்லபடியாத் தெரிஞ்சுதா, தாயி?"

செண்பகராமன் தலையைக் குனிந்துகொண்டார்.

பிலோமினா சற்று விலகி, அவரைக் கட்டிலருகே வரவிட்டார்.

"காட்டுனது இந்த அண்ணாச்சிதான். அவரையே கேளுங்க."