இரவல் நுண்ணோக்கி

ஒரு நாட்டு அரசாங்கத்துக்குத் திடீரென்று ரோஷம் வந்துவிட்டது. உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களின் வரிசையில் தன்னுடையது ஒன்றுகூட இல்லையே! உடனே தலைநகரப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் அள்ளி அள்ளிக் கொடுத்தது.

தரம் பார்க்க நிபுணர் குழு வருகிறது என்றதும் அங்கே எல்லோரும் பதறினார்கள். ஆய்வுக்கூடம் நிறைந்து தெரியவேண்டாமா? சின்ன ஊர்க் கல்லூரிகளிலிருந்து கருவிகளை இரவல் வாங்கினார்கள். சோதனைக்கு ஆள் வந்தால் இரவல் வாங்குவது அந்த நாட்டு வழக்கம்.

வேலங்குளம் கல்லூரியின் நுண்ணோக்கி அப்படித்தான் வந்தது. அந்தக் கல்லூரியில் இருந்ததே அது ஒன்றுதான். மாணவர்கள் முறைவைத்துப் பார்ப்பார்கள். வாரக் கடைசியில் அவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. அதற்குள் போய்ச் சேரவேண்டுமே என்று அது நாள்களை எண்ணிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் வெளிநாட்டு இயந்திரம் ஒன்று உறை பிரிக்காமல் நின்றது.

"உன்னை யார் பயன்படுத்துகிறார்கள்?" என்று நுண்ணோக்கி கேட்டது.

"என்னையா? தொட்டால் கெட்டுவிடுவேனாம்," என்றது இயந்திரம் பெருமையாக. "உன் திருகைப் பார், தேய்ந்து பல்லிளிக்கிறது. குழுவின் கண்ணில் படாமல் ஓரமாக நில்."

"பட்டால் நல்லதுதான். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்."

குழு வந்தது. தலைவி ஒவ்வொன்றாகக் கடந்து வந்து நுண்ணோக்கியிடம் நின்றார். குனிந்து கண்ணை வைத்தார். மங்கலாகக் காட்டிவிடலாமா என்று அது தவித்தது. கண் வைத்தவர்களுக்கெல்லாம் தெளிவாகக் காட்டியே பழகிவிட்டதால் மனம் வரவில்லை.

"எவ்வளவு தெளிவு!" என்றார் தலைவி. "திருகு எப்படித் தேய்ந்திருக்கிறது பாருங்கள். இங்கே மாணவர்கள் நிஜமாகவே வேலை செய்கிறார்கள்."

"ஆமாங்கம்மா, எங்க பசங்க ராப்பகலா உழைப்பாங்க," என்றார் துணைவேந்தர் மாசிலாமணி, கொஞ்சமும் கூசாமல்.

உலகத்தரப் பட்டம் கிடைத்துவிட்டது. ராசியான கருவி, அனுப்பவேண்டாம் என்றார் துணைவேந்தர். மற்ற இரவல்கள் லாரி ஏறின. நுண்ணோக்கியை வாசலருகே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். அது பயந்துபோய் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

தேர்வுக்கு முதல் நாள் வேலங்குளத்திலிருந்து பூங்கோதை என்ற மாணவி பஸ் பிடித்து வந்தாள்.

"அண்ணே, இது எங்க காலேஜோடது. நாளைக்கு எங்களுக்கு பிராக்டிகல். மேடம் வாங்கிட்டு வரச் சொன்னாங்க," என்றாள் காவலாளியிடம்.

"இது உலகத்தரம்மா. எட்ட நின்னு பாரு."

"பூங்கோதை!" என்று நுண்ணோக்கி கத்தியது. கண்ணாடியைத் தாண்டிச் சத்தம் போகவில்லை.

பெட்டியின் கீழே ஒரு பலகை இருந்தது. 'எங்கள் மாணவர்களின் கைபட்டுத் தேய்ந்தது.' அவள் அதைப் படித்தாள். திருகுக்கு நேராகக் கண்ணாடியில் விரல்களை வைத்துச் சற்று நேரம் நின்றாள். பிறகு கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

காவலாளி துணி எடுத்து வந்து, கண்ணாடியில் பதிந்திருந்த அவள் விரல் அடையாளங்களை நன்றாகத் துடைத்தார்.