ஜெசிந்தா நின்ற இடம்

"ஒரு நன்றி சொல்லக் கூடாதா மாஸ்டர்?"

இடைவேளையில் தேவசகாயம் கேட்டார். கழுத்துப் பட்டையில் சாக்ஸபோன் தொங்கிக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவுக்காக அரங்கில் மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஜெசிந்தா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் ஒரு சாக்ஸபோன். மேடையில் இருந்ததே அவர்கள் இருவர்தான். அவரைவிட வயதில் மிகவும் சின்னவள். ஆனால் தோன்றுவதை அந்தக் கணத்திலேயே வாசிக்கும் ஜாஸை அவர் கற்றுக்கொண்டது அவளிடம்தான். அதனால் அவர் அவளுக்கு அண்ணன், அவள் அவருக்கு மாஸ்டர்.

"எதுக்குண்ணே நன்றி?"

"மூணாவது பாட்டுல மறந்துபோய் நின்னுட்டீங்க. நான் மட்டும் உள்ளே பாயலைன்னா மானம் போயிருக்கும். அதுவும் ரெக்கார்டிங்ல."

ஜெசிந்தா இன்னொரு மடக்கு தண்ணீர் குடித்தாள்.

அவருக்கு உறுத்தியது. பாதி ஆயுளைக் கல்யாண பேண்டில் கழித்தவர். மாப்பிள்ளை ஊர்வலத்தில் சத்தம் அறுந்துவிடக் கூடாது. ஒருவன் மூச்சு வாங்கினால் பக்கத்தில் இருப்பவன் சட்டென்று பாட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி எடுப்பவனுக்குத்தான் பேண்டில் மரியாதை.

இன்றும் அதைத்தான் செய்தார். கூட்டம் கைதட்டியது.

அவர் வாசித்த எதையும் இதுவரை யாரும் பதிவு செய்ததில்லை. எல்லாம் தெருவோடு போய்விட்டது. இந்த ஆல்பம்தான் முதல். அந்தக் கைதட்டலும் இதில் இருக்கப்போகிறது.

"மனசு வரலைன்னா விடுங்க. கேட்டு வாங்கினா அது நன்றியா?"

ஜெசிந்தா லேசாகச் சிரித்தாள். ஒலிப்பதிவு மேசையில் இருந்த ரிஸ்வானிடம் போய், அவன் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றி வந்து அவர் தலையில் மாட்டினாள்.

"மூணாவது பாட்டு போடு ரிஸ்வான்."

அவளுடைய வாசிப்பு மெல்ல ஏறியது. ஏறிக்கொண்டே போய், நின்றது.

அமைதி. யாரோ நாற்காலியில் அசைந்தார்கள்.

பிறகு ஒரு மூச்சு. நெஞ்சு நிறைய அவள் உள்ளே இழுத்த மூச்சு.

அதன் மேலேயே அவருடைய சாக்ஸபோன் வந்து விழுந்தது. கல்யாண வீட்டார் மொத்தமாக வாசலில் நுழைவதுபோல. நன்றாகத்தான் இருந்தது.

"இன்னொரு தடவை போடு தம்பி."

ரிஸ்வான் போட்டான்.

"இன்னொரு தடவை."

இப்போது அவருக்கு மூச்சு மட்டும்தான் கேட்டது. ஹெட்போனைக் கழற்றினார்.

"நீங்க மறக்கலையா?"

"இல்லண்ணே."

"என்ன வாசிக்கப் போனீங்க?"

"தெரியாதுண்ணே. வந்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும்."

அவர் மேடைப் படியில் உட்கார்ந்தார்.

"ஒரு சாடை காட்டியிருக்கலாமே."

"கண்ணை மூடியிருந்தேன்."

மக்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பி வர ஆரம்பித்திருந்தார்கள்.

"அதே பாட்டை மறுபடி வாசிப்போம் மாஸ்டர். இந்தத் தடவை கொன்னாலும் வாயைத் தொறக்க மாட்டேன்."

"வாயைத் தொறக்காம எப்படிண்ணே சாக்ஸபோன் வாசிப்பீங்க?"

அவர் சிரிக்கவில்லை. அவள் சரியென்று தலையசைத்தாள்.

இரண்டாம் பாதியில் அந்தப் பாட்டு வந்தது. அந்த இடம் நெருங்கியதும் தேவசகாயம் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்தார். ஓரடி பின்னால் நகர்ந்தார். தன் மூச்சுகூட மைக்கில் விழக் கூடாது என்று அடக்கிக்கொண்டார்.

ஜெசிந்தா கண்ணை மூடியிருந்தாள். வாசிப்பு ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

நிற்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் போகிற பேருந்துபோல அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. அவர் மட்டும் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்.

முன்னைவிடப் பலமான கைதட்டல்.

எல்லோரும் போன பிறகு மின்விசிறிகள் சுழன்றன.

"ஏன் மாஸ்டர் நிக்கல?"

"நிக்கணும்னுதான் நெனச்சேன். நெனச்சுக்கிட்டு நின்னா அது வேறண்ணே."

"நான் காத்துக்கிட்டு இருந்தேன்."

"தெரியும்ண்ணே."

ரிஸ்வான் வயர்களைச் சுருட்டிக்கொண்டே வந்தான். "மூணாவது பாட்டு ரெண்டு டேக் இருக்கு. ஆல்பத்துல எது போடணும்? ரெண்டாவது சுத்தமா இருக்கு."

ஜெசிந்தா சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் சொல்லட்டும்."

"முதல் டேக்ல நீங்க குறுக்க வர்றீங்கண்ணே," என்றான் ரிஸ்வான். "மத்தவங்களுக்குத் தெரியாது. வாசிக்கிறவன் எவன் கேட்டாலும் கண்டுபிடிச்சிடுவான்."

தேவசகாயம் சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்தார். மூடியை மூடினார். மறுபடி திறந்து, சரியாகத்தான் வைத்தோமா என்று பார்த்து மூடினார்.

"முதல்ல எடுத்ததையே போடு."

"அப்ப அந்த இடத்துல உங்க சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சிடவா?"

"ஒண்ணும் குறைக்காதே தம்பி. அந்த மூச்சு அதுல மட்டும்தான் இருக்கு."